இரண்டாவது இழை

சூசையப்பர் சந்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் யாரும் மிக்ஸி போடமாட்டார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது. போட்டால் சுற்றாது, அவ்வளவுதான். தேங்காய்ச் சில்லு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். டியூப் லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எரியாது. ஏசி டொக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வெறும் காற்றை ஊதும். மந்தைவெளி ரயிலடிக்குப் பின்புறம், ஒரு கார் நுழைந்தால் எதிரே சைக்கிள் வரமுடியாத சந்து அது. முன்பு ஒன்பது ஓட்டு வீடுகள் இருந்தன. இப்போது அதே ஒன்பது மனையில் நாற்பத்தொரு குடித்தனம். கீழே பதினோரு மின்சாரக் கார்கள். ஸ்கூட்டர்களை யாரும் எண்ணவில்லை. முனையில் நடைபாதைமேல் நிற்கிற மின்வாரியப் பில்லர் பாக்ஸ் மட்டும் ஒன்பது வீட்டுக் காலத்துப் பெட்டி. சந்தின் கரண்டெல்லாம் அதற்குள் இருக்கிற மூன்று பீஸ் கட்டைகள் வழியாகத்தான் வந்தாகவேண்டும்.

ஆபீஸ் விட்டு வருகிறவன் முதலில் செருப்பைக் கழற்றுவதில்லை, காருக்கு ஒயரைச் சொருகுகிறான். அப்புறம்தான் ஏசி, அப்புறம்தான் காப்பி. பெட்ரோல் விற்கிற விலையில் அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. புகையில்லாத வண்டி வாங்கு என்று ஊரே சொன்னது, வாங்கினான். அந்த வண்டி குடிக்கிற கரண்ட் எந்த வழியாக வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இதில் அடிபட்டவர் ஏழாம் நம்பர் தரைத்தளத்தில் இருக்கும் ஃப்ளோரா டீச்சர்.

சர்ச் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். இரண்டு வருஷமாக நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன பீரோ உயரத்துக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின். அது அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக அவர் மூக்கில் விடும். ஒரு மிக்ஸி இழுக்கிற கரண்ட்தான் அதற்கு வேண்டும். ஆனால் வோல்டேஜ் நூற்றெழுபதுக்குக் கீழே போனால் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். சந்திலேயே மிகக் குறைவாகக் கரண்ட் குடிக்கிற ஜீவன் அதுதான், முதலில் பட்டினி கிடக்கிறதும் அதுதான்.

அவர் கணவர் ரொனால்ட் ஒரு கல்லூரியின் இயற்பியல் லேபில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சமையல், துணி, மருந்து எல்லாம் அவர்தான். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வோல்ட் மீட்டரைத் திருகி வைத்திருந்தார். மற்ற வீடுகளில் மாலையில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அந்த வீட்டில் முள்ளைப் பார்ப்பார்கள்.

போன டிசம்பரில் டீச்சர் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகம் முழுக்க இறுக்கிக் கட்டிய மாஸ்க், கை இரண்டும் கட்டிலோடு கட்டு. திரும்பி வந்த அன்று ரொனால்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னை அங்க அனுப்பாதீங்க. எது ஆவறதா இருந்தாலும் இந்தக் கட்டில்லயே ஆவட்டும்" என்றார். ரொனால்ட் சரி என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அப்புறம் நடந்த எல்லாவற்றையும் நடத்தியது என்று சொல்லலாம்.

மற்றவர்களைத் திட்டலாம் என்றால் அதற்கும் வாயில்லை. சந்தில் முதன்முதலில் மின்சாரக் கார் வாங்கியதே அந்த வீடுதான். மகன் டெரிக் வாடகைக் கார் ஓட்டுகிறான். டீசல் வண்டியை விற்றுவிட்டு அவன் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது, மீட்டரிலிருந்து கேட்டுவரைக்கும் தடித்த ஒயர் இழுத்து, தன் கையாலேயே பிளக் மாட்டிக்கொடுத்தவர் ரொனால்ட். எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சத்தமே இல்லையே சார் என்று ஆச்சரியப்பட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களும் வாங்கினார்கள்.

ஏப்ரல் கடைசியில் மூன்றாம் நம்பர் அடுக்குமாடியின் செயலாளர் கல்யாணராமன் ஒரு காகிதத்தோடு வந்தார். ரொனால்ட் அடுப்படியில் நெஞ்செலும்பு சூப்புக்கு மிளகு தட்டிக்கொண்டிருந்தார். கல்யாணராமன் மூக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"ரொனால்ட், ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல லாரித் தண்ணிக்கு என்ன பண்ணினோம், ஞாபகம் இருக்கோ? குடத்த வரிசைல வெச்சுட்டு அவாவா ஆத்துல போய் உக்காண்டோம். ஒருத்தராவது சண்டை போட்டாளா?"

"போட்டாங்க சார். உங்க மச்சினி பக்கெட்டால அடிச்சாங்க."

"அது ஒரு நாள். அத விடுங்கோ. அதே மாதிரி கரண்டுக்கும் முறை வெச்சுண்டா என்ன? ஆறுலேர்ந்து ஒம்பது வரைக்கும் ஒருத்தரும் சார்ஜ் போடப்படாது, டீச்சருக்காக. ஒம்பதுக்கு அப்பறம் மூணு மூணு வண்டியா. லிஸ்ட் போட்டுண்டு வந்துட்டேன். எல்லாரும் சரின்னுட்டா."

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் குழாயோடு வந்தது. "அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க சார்."

வாங்கிப் பார்த்தார். தலையணைக்கு அடியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "மூணு மூணா, ஒருத்தருக்கு நாலு மணி நேரம்னா, கடைசி வண்டிக்கு மறுநாள் மத்தியானம் ஆயிடும் சார். நேரத்தக் குறைங்க, இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணுங்க."

"பாத்தேளா, கணக்கு டீச்சர்னா கணக்கு டீச்சர்தான்" என்று சிரித்தபடி கல்யாணராமன் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பதினோரு நாள் அந்த ஏற்பாடு நடந்தது. நம்பவே முடியவில்லை. மாலை ஏழு மணிக்கு முள் இருநூறுக்கு மேல் நின்றது. டீச்சர் எழுந்து உட்கார்ந்து கருவாட்டுத் துவையலோடு கஞ்சி குடித்தார். இரண்டு நாள் குளித்தார். ஒரு நாள் வாசல்வரைக்கும் வந்து, குழாயை இழுத்துக்கொண்டே, எதிர்வீட்டு முருங்கையை யாரும் பறிக்கவில்லையா என்று கேட்டார். ரொனால்டுக்கு அந்தப் பதினோரு நாளும் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

பிறகு அக்னி நட்சத்திரம் வந்தது. கடல்காற்று கடற்கரை தாண்டி வரவேயில்லை. கார்கள் இல்லாமலே, வெறும் ஏசிகளாலேயே பீஸ் போக ஆரம்பித்தது. அப்போதுதான் சந்து அந்தத் தப்பைச் செய்தது. தண்ணீர் லாரி தாமதமானால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து பழகிய ஜனம். கரண்ட் போனதும் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி ஒயரைச் சொருகிவிட்டு மேலே போனார்கள். கரண்டே இல்லாதபோது சொருகிவைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம், இன்றைக்கு நேரம் கெட்டுவிட்டது, வந்தவுடன் நம் முறை தவறிவிடக்கூடாது என்று வண்டி இருந்த ஒவ்வொரு குடித்தனமும் தனித்தனியாக நினைத்தது. ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் குடம் வரிசையில் சும்மா நிற்கும். காருக்கு முறை, வரிசை ஒன்றும் தெரியாது.

செக்‌ஷன் ஆபீஸ் லைன்மேன் கனகராஜ்தான் இதை முதலில் கண்டுபிடித்துச் சத்தம் போட்டான். "இன்னா சார் உங்க ஏற்பாடு? நான் கட்டய சொருவ சொல்லோ பதினோரு வண்டியும் ஒரே டைமுல வாய தொறந்துகினு நிக்கிது. கூட எல்லா ஏசியும். எந்த பீஸு தாங்கும்? கரண்டு போனா மொதல்ல ஒயர புடுங்கணும் சார். நீங்கோ போனப்புறம்தான் சொருவுறீங்கோ!"

கல்யாணராமன் வாட்ஸப்பில் போட்டார். எல்லோரும் கட்டைவிரலைப் போட்டார்கள்.

மே மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு பத்துக்குக் கரண்ட் போனது.

மெஷின் கத்தியது. இன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டது. ஆனால் வாரக்கணக்காகக் குறைந்த வோல்டேஜில் அதன் பேட்டரி ஒருநாளும் முழுதாக ஏறியதில்லை, முக்கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. நிரப்பித் தருகிறவர் சனிக்கிழமை வருவேன் என்று சொல்லி வரவில்லை. இன்றைக்கு ஞாயிறு, போனை எடுக்கவில்லை.

"டெரிக், நம்ம வண்டி ஒயரப் புடுங்கு மொதல்ல" என்றார் ரொனால்ட்.

"புடுங்கிட்டேன் டாடி. நீங்க போங்க, நான் மம்மியப் பாத்துக்கறேன்." அவன் டீச்சரின் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டினான். தொண்ணூற்றிரண்டு.

கனகராஜ் ஆறு நாற்பதுக்கு வந்தான். மூன்று செக்‌ஷனுக்கும் அவன் ஒருத்தன்தான் அன்றைக்கு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பில்லர் பாக்ஸ் கதவில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்துவிட்டுத் திறந்தான். மூன்று கட்டைகளையும் உருவி, கருகின கம்பிகளைத் தட்டிவிட்டு, புதுக் கம்பி சுற்றிச் சொருகினான். சந்து முழுக்க விளக்குகள் ஒருமுறை எரிந்தன. டப்.

"பாத்தியா சார்? சொருவிக்கினு கீறானுங்கோ."

"எல்லாரையும் புடுங்கச் சொல்லிட்டு வரேன். பத்து நிமிஷம் குடு கனகராஜ்."

"சீக்கிரம் சார். கச்சேரி ரோட்ல வேற கம்ப்ளைண்டு கீது."

ரொனால்டுக்கு அறுபத்தாறு வயசு. லிப்ட் எதுவும் ஓடவில்லை. இருட்டுப் படிகளில் போன் வெளிச்சத்தில் ஏறி, கதவைத் தட்டி, "சார், உங்க வண்டி ஒயரக் கொஞ்சம் எடுத்துடுங்க சார், அவங்களுக்கு மூச்சு" என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் அவர்களே, ஐயோ டீச்சருக்கா என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஐந்தாம் நம்பர் மூன்றாவது மாடி இசக்கிமுத்துவுடையது. தி. நகரில் பாத்திரக் கடை. இரண்டு வண்டி. கதவைத் திறந்தவர் ரொனால்டைப் பார்த்துப் பதறினார்.

"வாங்க அண்ணே, உள்ள வாங்க. ஏன் இப்படி எரைக்குது ஒங்களுக்கு? ஒரு போன் போட்டா நானே வந்துருப்பம்லா."

"ஒயரு, உங்க ஒயரு..."

"இந்தா, இப்பமே புடுங்கிருதேன். எங்க அம்மையும் இந்த நோவுலதான் போனா அண்ணே. கடைசியில ஒரு மடக்குத் தண்ணி குடிக்கதுக்கே எரைக்கும். ஒங்களுக்கு நான் சொல்லணுமா." அவர் மனைவி ஒரு டம்ளர் மோரை ரொனால்டின் கையில் திணித்தாள். அதைக் குடிக்கவும் நேரமில்லாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், ஒரே மூச்சில் குடித்துவிட்டு இறங்கினார். இசக்கிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினார்.

கீழே டெரிக்கின் போன். "டாடி, இன்வெர்ட்டர் கத்துது. எம்பத்தொம்போது."

எட்டாம் நம்பர் கீழ்த்தளத்தில் மூன்று கார்கள். கம்பிக் கதவில் பூட்டு. மூன்று ஒயரும் சுவரில் சொருகியபடி தெரிந்தன. குடும்பம் குடும்பமாக ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தார்கள். போனில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, "மாமா, இதோ சாப்ட்டுட்டு கெளம்பிட்டோம், இருபது நிமிஷம்" என்றாள் ஒருத்தி. ரொனால்ட் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள்வரைக்கும் விட்டார். பிளக் இன்னும் ஓர் ஆள் தூரத்தில் இருந்தது. இசக்கிமுத்து எங்கிருந்தோ ஒரு ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்து இடித்துப் பார்த்தார். ஒன்று விழுந்தது. மற்ற இரண்டு பிளக்கும் பூட்டு போட்ட பெட்டிக்குள் இருந்தன.

"டாடி, எம்பத்தாறு. இன்வெர்ட்டர் நின்னுடுச்சு."

ஓடிவந்து கனகராஜிடம் சொன்னார். கனகராஜ் சொருகினான். விளக்குகள் வந்தன, நின்றன. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சந்தில் யாரோ கைதட்டினார்கள். ஏழாம் நம்பர் ஜன்னல் வழியாக மெஷினின் உறுமல் கேட்டது. பிறகு மாடிகளில் டொக் டொக்கென்று ஏசிகள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. நாலாவது நிமிஷம், டப்.

கனகராஜ் குந்தி உட்கார்ந்துவிட்டான். "இன்னிக்கி இது நிக்காது சார். டீச்சர ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போய்டு. சொல்றன் கேளு."

"அவ போகமாட்டா."

"அதுக்கின்னா பண்றது? நான் இன்னா கரண்ட மடில கட்டிக்கினா கீறேன்?"

ரொனால்ட் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. மெதுவாகக் கேட்டார், "கம்பிய ரெண்டு இழையாப் போடேன்."

கனகராஜ் தலையைத் தூக்கினான். "இன்னா?"

"ரெண்டு இழை. ஒரு ராத்திரிக்கு. காலையில எடுத்துடு."

"தப்பு சார். பீஸு எரிஞ்சா கம்பியோட போச்சு. அது எரியலன்னா கீய கீற கேபிளு எரியும். அது எந்தக் காலத்து கேபிளோ. சொல்லப்போனா உனுக்குத் தெரியாதா? எத்தினி வருசம் லேப்ல இருந்த?"

தெரியாமலா? முப்பது வருஷம், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வருகிற பிள்ளைகள் முன்னால் ஒரு மெல்லிய கம்பியை எரித்துக் காட்டி, இது சாவதற்கென்றே இருக்கிறது, இது செத்தால்தான் மற்றதெல்லாம் பிழைக்கும் என்று சொன்னவர் அவர்.

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"வேணாம் சார்."

"கனகராஜ், உம் பொண்ணு பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலானாளே." சொல்லும்போதே ரொனால்டுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. நிறுத்த முடியவில்லை. "யாரு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தது? சிலிண்டர வெச்சுக்கினே சொல்லிக் குடுத்தாளே, மறந்துட்டியா?"

ரொனால்டின் போன் அடித்தது. டெரிக் எண்ணைக்கூடச் சொல்லவில்லை, "டாடி" என்று மட்டும் சொன்னான்.

ரொனால்ட் நடைபாதையிலேயே கைகூப்பினார்.

"கைய எறக்கு சார். ஜனம் பாக்குது" என்றான் கனகராஜ். பையிலிருந்து கம்பிச் சுருளை எடுத்தான். ஓர் இழை சுற்றினான். கொஞ்சம் நின்றான். இன்னோர் இழையை அதன்மேலேயே சேர்த்துச் சுற்றினான். "யாராண்டயும் வாயத் தொறக்காத. அல்லாரையும் சார்ஜ் போடாம இருக்க சொல்லு. காலீல ஆறு மணிக்கி வந்து எடுத்துர்றன்." மற்ற இரண்டு கட்டைகளிலும் அப்படியே சுற்றி, மூன்றையும் சொருகிக் கதவைச் சாத்தினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சேரி ரோடு பக்கம் போய்விட்டான்.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். நின்றது.

ரொனால்ட் வீட்டுக்குள் நுழைந்தபோது டீச்சரின் உதடுகள் நீலம்பாய்ந்திருந்தன. ஆனால் மெஷின் ஓடியது. குழாயோடு சேர்ந்த பாட்டில் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. எண்பத்திரண்டு, எண்பத்தைந்து, எண்பத்தொன்பது. மகனும் அப்பாவும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தொண்ணூற்றொன்று வந்ததும் டெரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

"என்னங்க, ஏன் இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு?" என்றார் டீச்சர். "உக்காருங்க. வெளிய என்னா சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. கரண்ட் வந்துடுச்சுன்னு கத்தறாங்க."

"நல்ல ஜனங்க" என்றார் அவர். ரொனால்ட் சூப்பைச் சூடுபண்ணிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். ஏழு கரண்டி உள்ளே போனது. மின்விசிறிக் காற்றில் அவர் நரைமுடி நெற்றியில் அசைந்தது. ரொனால்ட் அதை ஒதுக்கிவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் நல்ல நேரம் என்று சொன்னால் அந்த இருபது நிமிஷம்தான்.

டெரிக் எழுந்து வெளியே போனான். கேட்டுக்குப் பக்கத்தில் பிளக் மாட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாலு மணிக்கு ஏர்போர்ட் ட்ரிப் டாடி. பதினெட்டு பர்சென்ட்தான் இருக்கு. கொஞ்ச நேரம் போட்டுட்டு எடுத்துடறேன்."

வேண்டாம் என்று சொல்ல ரொனால்டுக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அந்த வண்டி ஓடினால்தான் மெஷின் வாடகை, மாத்திரை, சோறு எல்லாம். மகன் முந்தாநாளும் போன வாரமும் இதே காரணத்துக்காக ட்ரிப்பை விட்டவன். சந்தில் வேறு யாராவது போட்டிருக்கமாட்டார்களா, நாம் ஒருத்தர் மட்டும் என்று நினைத்தார். அந்த நேரத்தில் சந்தின் எல்லாப் படிகளிலும் யாராவது ஒருத்தர் இதையே நினைத்துக்கொண்டு இறங்கியிருக்கவேண்டும். வரவேற்புக்குப் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். பூட்டிய பெட்டிக்குள் இருந்த ஒயர்கள் அப்படியேதான் இருந்தன.

முள் இருநூற்றைந்தில் இருந்தது. நூற்றுத்தொண்ணூற்றைந்துக்கு வந்தது. நூற்றெண்பத்தெட்டு. ஒற்றை இழையாக இருந்தால் இந்நேரம் எரிந்திருக்கும் என்று ரொனால்டுக்குத் தெரியும். எழுந்துபோய்க் கத்தலாம். டெரிக்கின் ஒயரைப் பிடுங்கலாம். கனகராஜுக்குப் போன் செய்து எடுத்துவிடு என்று சொல்லலாம். எடுத்தால் மெஷின் நிற்கும். எடுக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷ அறிவும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதலில் வாடை வந்தது, ரப்பர் கருகுகிற வாடை. பிறகு முனையில் ஒரு பெரிய சத்தம். சந்து மொத்தமும் இருண்டது. மெஷின் கத்த ஆரம்பித்தது.

இந்த முறை ரொனால்ட் யார் கதவையும் தட்டவில்லை. போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தார்.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர முடியாமல் முனையிலேயே நின்றது. பில்லர் பாக்ஸுக்கு முன்னால் நடைபாதைக் கற்களின் இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்துவும் டெரிக்கும் இன்னும் இருவரும் டீச்சரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். ஒரு சின்ன சிலிண்டர் அவர் கால்களுக்கு நடுவே கிடந்தது. வீட்டைவிட்டு வெளியே வரும்போது அவர் ரொனால்டை ஒருமுறை பார்த்தார். ரொனால்ட் அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். வாக்குக் கொடுத்தவர் அவர். காப்பாற்ற அவர் செய்ததெல்லாம் சேர்ந்துதான் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

செக்‌ஷன் இன்ஜினீயர் ஜவஹர் வந்திருந்தார். சின்ன வயசு. டார்ச்சைப் பிடித்துப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கனகராஜ் பக்கத்தில் நின்றான். கல்யாணராமன் தெருவிளக்கும் இல்லாத இருட்டில் யாரையோ பார்த்து, "எப்போ சார் வரும், எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கேபிள் போயிருக்கு சார்" என்றார் ஜவஹர். "எங்க போயிருக்குன்னு பாக்கணும், ரோட்டத் தோண்டணும், அதுக்கு பர்மிஷன் வாங்கணும். நாளன்னைக்கு சாயந்தரம் ஆனா பெரிய விஷயம்." பிறகு அவர் குறட்டால் ஒரு கட்டையை உருவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி எரியாமல் முழுசாக இருந்தது.

"ரெண்டு இழை. யார் போட்டது?"

"நான்தான் சார்."

"நீயா? உனக்கு எத்தன வருஷம் சர்வீஸ்? இதுக்கு என்ன ஆவும்னு தெரியாது உனக்கு? சஸ்பென்ஷன்ல போவியே. யாராவது போடச் சொன்னாங்களா? சொல்லு, யார் சொன்னது?"

ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரொனால்ட் ஆம்புலன்ஸின் கதவுக்குப் பக்கத்தில், நாலடி தூரத்தில் நின்றார். கனகராஜ் அவரைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அவர் நிற்கிறார் என்பதைப் பார்த்தான்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் போட்டேன்."

ரொனால்டின் வாய் திறந்தது.

"சார், அட்டெண்டர் யாரு? நீங்களா? ஏறுங்க சார், சீக்கிரம்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் ஏறினார். டெரிக் கதவைச் சாத்தினான்.

வண்டி ராயப்பேட்டை ஆஸ்பத்திரியை நோக்கித் திரும்பியது. லஸ் பக்கம் எல்லாக் கடைகளிலும் விளக்குகள் எரிந்தன. ஜூஸ் கடையில் மிக்ஸி சுற்றியது. டீச்சர் மாஸ்க்கை ஒரு விரலால் நகர்த்தினார். ரொனால்ட் குனிந்து காதைக் கொடுத்தார்.

"பீஸ்தான போச்சு?"

"ஆமா."

"கனகராஜ் வந்து போட்டுடுவான்ல?"

"போட்டுடுவான்."

"அப்ப காலையில வீட்டுக்கு வந்துடலாம்" என்றார் டீச்சர்.

"வந்துடலாம்" என்றார் ரொனால்ட். மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் சரியாக வைத்தார்.